விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு தாவல்

‘ஒரு வரி சொன்னால் போதும், ஒரு மணி நேரத்தில் வீடியோ கேம் தயார்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, பிறகு ஏன் ஒரு கேம் வெளிவர வருடக்கணக்கில் ஆகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் கிடைப்பது முன்மாதிரி. கடைக்கு வருவது வேறு சரக்கு.

‘செலஸ்ட்’ கேமை எடுத்துக்கொள்வோம். 2015இல் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் அதன் முதல் வடிவத்தை நான்கே நாளில் முடித்துவிட்டார்கள். 128-க்கு 128 பிக்சல் திரை, 16 நிறம், ஒரு பெண் மலையேறும் 30 கட்டங்கள். முழு கேம் வெளியானது 2018 ஜனவரி 25 அன்று. அதில் எனக்குப் பிடித்தது அந்தப் பெண்ணின் தாவல்தான்.

பாறை விளிம்பைக் கண் பார்த்து விரல் பட்டனை அழுத்துவதற்குள் அவள் கால் பாறையை விட்டுவிடும். கணினிக்குக் கடைசி பிக்சல் விலகினாலே அவள் அந்தரத்தில்தான். கறாராக நிரல் எழுதினால் விழுந்துவிடுவாள். ஆடுகிறவர் ‘தாமதமாக அழுத்திவிட்டேன்’ என்று நினைக்க மாட்டார். ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்பார். அதனால் தரையை விட்ட பிறகும் 0.1 நொடிக்குத் தாவல் செல்லுபடியாகும் என்று செலஸ்ட் நிரலில் எழுதியிருக்கிறார்கள். இதற்குக் ‘கொயோட்டி நேரம்’ என்று பெயர். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டியும் சற்று நேரம் விழாமல் ஓடுமே, அந்த விலங்கின் பெயர்.

இதே சலுகையை பஸ்ஸிலும் பார்க்கலாம். ஓடிவருகிறவரைப் பார்த்துவிட்டு கண்டக்டர் விசிலை அரை நொடி தள்ளிப் போடுவார். வந்தவர் ‘அப்பாடா, பிடிச்சுட்டேன்’ என்பார். விசில் தாமதித்தது அவருக்குத் தெரியாது. கம்பியில் தலை இடிக்கப் பார்த்தால் தோளைத் தொட்டு நகர்த்திவிடுவார்: செலஸ்டிலும் தாவும்போது கூரை முனையில் தலை இடித்தால், 4 பிக்சல் வரை அவளைப் பக்கவாட்டில் நகர்த்திக் காப்பாற்றுகிறது நிரல். விசிலை அதிகம் தள்ளிப் போட்டால் பஸ்ஸில் இருப்பவர்கள் கத்துவார்கள். 0.1 நொடி ஒரு நொடியானால் அவள் காற்றில் நடப்பது எல்லோர் கண்ணிலும் படும்.

நான்கு நாள் முன்மாதிரியிலேயே இந்தச் சலுகைக்கு விதை இருந்தது. பிறகு எதற்கு இரண்டரை வருடம்? முழு கேமில் 700-க்கும் மேற்பட்ட திரைகள். ஒவ்வொரு பாறையும் முள்ளும் அந்தத் தாவலை அளவுகோலாக வைத்தே நிற்கின்றன. தாவலின் உயரத்தை ஒரு பிக்சல் மாற்றினாலும், கட்டிய திரைகளை மறுபடி ஆடிப் பார்த்தாக வேண்டும். எட்டாத மேடு எட்டிவிடலாம், எட்ட வேண்டியது எட்டாமல் போகலாம். சலுகை சரியாக இருக்கிறதா என்பதை விரலாலும் மனத்தாலும்தான் சொல்ல முடியும். அதற்கு மனிதர்கள் உட்கார்ந்து, விழுந்து, மீண்டும் ஆட வேண்டும். எந்த விளம்பரமும் இந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முழு கேமின் மூன்றாம் அத்தியாயத்தில், பாழடைந்த விடுதி ஒன்றில் பழைய கணினி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத் தொட்டால் அந்த நான்கு நாள் முன்மாதிரி முழுசாகத் திறக்கும், 30 கட்டங்களோடு.