இடிபாட்டிலிருந்து மீளும் ஜல்லி

கான்கிரீட்டின் பருமனில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜல்லியும் மணலுமே ஆதலால், ஒரு பழைய கட்டடம் இடிக்கப்படும்போது குப்பையென்று ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டப்படுவதில் பெரும்பகுதி, முன்பொரு நாள் குவாரியில் வெடிவைத்துப் பிளந்தெடுத்த கருங்கல்லே ஆகும். அக்கல்லை மீட்டுப் புதிய கட்டுமானத்துக்கு அளிப்பதே கான்கிரீட் மறுசுழற்சி.

மறுசுழற்சி ஆலைக்கு வரும் கான்கிரீட் பாளங்கள் கிரஷரில் நொறுக்கப்படுகின்றன. அப்போது வெளிப்படும் கம்பித் துண்டுகளைக் காந்தம் இழுத்துக்கொள்ள, மரத்துண்டு, பிளாஸ்டிக் போன்ற எடை குறைந்த பொருள்கள் காற்றாலோ நீராலோ அகற்றப்படுகின்றன. எஞ்சியது சல்லடைகளில் சலிக்கப்பட்டு, 4.75 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது ஜல்லியாகவும், அதற்குக் குறைந்தது மணலாகவும் பிரிகிறது.

இவ்வாறு கிடைக்கும் ஜல்லியைக் கையிலெடுத்துப் பார்த்தால், கருங்கல்லின் மேல் பழைய சிமென்ட் கலவை சாம்பல் நிறத்தில் ஒட்டியிருப்பதைக் காணலாம். நுண்துளைகள் நிறைந்த இந்தப் படலமே மறுசுழற்சி ஜல்லியின் அடிப்படைக் குறை. இது நீரை உறிஞ்சுவதால் கலவைக்கென அளந்து ஊற்றிய நீர் குறைந்து, கான்கிரீட் இறுகிக் கையாளக் கடினமாகிறது. எனவே ஜல்லியை முன்கூட்டியே நனைத்துக்கொள்வது வழக்கம். படலம் மிகுந்தால் வலிமையும் குறையும் என்பதால், இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, தனது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மறுசுழற்சி ஜல்லிக்கு இடமளித்தபோதே வரம்பும் விதித்தது. கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம் 25 தரம் வரை மட்டும் 20 விழுக்காடும், அடித்தளத்துக்குக் கீழே இடப்படும் வலுக்குறைந்த கான்கிரீட்டில் முழுவதுமாகவும் இதைப் பயன்படுத்தலாம்.

ஆயினும் இந்த ஜல்லியின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஆலையன்று, இடிக்கும் இடமே. செங்கல், சுவர்ப்பூச்சு, ஓடு, மண் ஆகியவை கான்கிரீட்டோடு கலந்துவிட்டால் அவற்றைப் பின்னர் முழுமையாகப் பிரிக்க இயலாது. ஜிப்சம் பூச்சு கலந்தாலோ, அதிலுள்ள சல்பேட் புதிய கான்கிரீட்டை உள்ளிருந்தே விரிசலுறச் செய்யும். நொய்டாவின் இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்று தகர்க்கப்படுவதற்கு முன்பே அவற்றின் உட்சுவர்களும் பொருத்துபொருள்களும் அகற்றப்பட்டிருந்ததும், ஏறத்தாழ 80,000 டன் என மதிப்பிடப்பட்ட இடிபாட்டின் ஒரு பகுதி மறுசுழற்சி ஆலைக்குச் சென்றதும் இங்கே நினைக்கத்தக்கவை.

நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னோ கழிவு உண்டாக்குவோர் கான்கிரீட், மண், செங்கல்லும் காரையும், இரும்பு முதலிய பிற பொருள்கள் என அதை நான்காகப் பிரிக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் இடிபாட்டுக் கழிவு விதிகள் கூறின. தனி வீடுகளை இடிப்பவர்களும் இப்பழக்கத்தைக் கைக்கொள்வது இன்றியமையாதது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கான ஆலைகள் அமைந்துள்ள நிலையில், கான்கிரீட்டைத் தனியே குவித்து அங்கே சேர்ப்பித்தால் ஏரிகளில் கொட்டப்படும் இடிபாடும் குறையும், குவாரிகளில் புதிதாக வெட்டப்படும் கல்லும் குறையும்.