லட்சம் பேரில் ஒரு முகம்

1939-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி, நியூயார்க் நகரத்து ராண்டால்ஸ் தீவில் போர்டம், வேன்ஸ்பர்க் என்னும் இரு கலாசாலைகளின் மாணவர்கள் கால்பந்து ஆடினார்கள். போர்டம் 34-க்கு 7 என்று ஜயித்தது. அமெரிக்கக் கலாசாலைக் கால்பந்து டெலிவிஷனில் காட்டப்பட்டது அதுதான் முதல் தடவை. பந்தைத் தெளிவாகக் காட்டுவதே பெரும்பாடாயிருந்த அந்நாளில், பந்தாட்டம் பார்க்க வந்தவர்களைக் காட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றப் போகிறது?

வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நம் பிள்ளைகள் உதைத்து விளையாடும் பந்து அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிர்ப்பட்டவரை முட்டி மோதி ஓடுகிற ஆட்டம் அது. பெயரில் மட்டும் காலுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று என்னைக் கேட்க வேண்டாம். அந்த ஆட்டத்தின்மேல் அந்நாட்டாருக்குள்ள மோகத்தை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம்: மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் 1,07,601 பேர் அமரலாம். வந்து அமர்பவர்கள் மாணவர் மட்டுமல்லர். எப்பொழுதோ பட்டம் பெற்றுப் போன கிழவர்கள், அவர்களுடைய பேரக் குழந்தைகள், கலாசாலை வாசற்படியையே மிதித்தறியாத ஊர் ஜனங்கள் எல்லோரும் வருகிறார்கள். ஊர்த் தேருக்கு வடம் பிடிக்க வருகிறவர்களைப்போல் அவரவர் கலாசாலை நிறத்தில் உடை உடுத்தி வருகிறார்கள்.

இந்த ஜனத்திரளை டெலிவிஷன் கண்டுகொண்டது 1960-இல். அந்த வருஷம் ஏ.பி.ஸி. கம்பெனி கலாசாலை ஆட்டங்களைக் காட்டும் உரிமையைப் பெற்றது. ரூன் ஆர்லெட்ஜ் என்னும், முப்பது வயது நிரம்பாத ஓர் ஊழியர் தம் மேலதிகாரிக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தால் போதாது, வீட்டிலிருப்பவரை மைதானத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்பது அதன் சாரம். வாத்திய கோஷ்டி, ஆரவாரம் செய்யும் மாணவர், கவலை தோய்ந்த முகங்கள் எல்லாவற்றையும் காமிரா தேடிப் பிடிக்க வேண்டும் என்றார் அவர். நல்ல யோசனைதான். வேடிக்கை பார்க்க வந்தவர்களே அன்று முதல் வேடிக்கைப் பொருளாகவும் ஆனார்கள்.

எதைத் தேடிப் பிடிப்பது என்பதில்தான் சங்கடம். எங்கள் வகுப்புக்குப் பரிசோதனைக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகளில் கூச்சலிடும் இரண்டு பேரையும், தூங்கி வழியும் ஒருவனையும் பார்த்துவிட்டு வகுப்பையே எடை போட்டு எழுதிப் போவார்கள். காமிராவின் சுபாவமும் அப்படியே. முகத்தில் வர்ணம் பூசியவன், சட்டையைக் கழற்றியவன், அழுகிறவன், அழகான பெண் இவர்களிடம் அது ஓடி ஓடிப் போகிறது. தொடக்க காலத்திலேயே ஏ.பி.ஸி. இயக்குநர் ஒருவர் கூட்டத்தில் அழகிகளைத் தேடிக் காட்டுவதில் பெயர் பெற்றுவிட்டார். 2013 ஜனவரியில் மியாமியில் அலபாமாவும் நோட்ர டேமும் ஆடிய இறுதிப் போட்டியில், ஆட்டக்காரர் ஒருவரின் காதலியைக் காமிரா காட்டிற்று. எழுபது வயது கடந்த வர்ணனையாளர் அவருடைய அழகை அளவு மீறி வியந்து பேச, மறுநாள் ஈ.எஸ்.பி.என். கம்பெனி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அழகைக் காட்டுவதையாவது சகித்துக்கொள்ளலாம். துக்கத்தைக் காட்டுவதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

2015 அக்டோபர் 17-ஆம் தேதி. மிச்சிகன் 23, மிச்சிகன் ஸ்டேட் 21. ஆட்டம் முடியப் பத்தே வினாடி. பந்தைத் தொலைவில் உதைத்துத் தள்ளிவிட்டால் மிச்சிகனுக்கு ஜயம். உதைக்க வேண்டியவர் தம் கைக்கு வந்த பந்தை நழுவ விட்டார். எதிர்க் கட்சியார் அதைப் பற்றிக்கொண்டு எல்லைவரை ஓடி முடித்தபோது கடிகாரத்தில் வினாடி மிச்சமில்லை. 27-க்கு 23 என்று கணக்குத் திரும்பிவிட்டது. உடனே காமிரா மாணவர் அமர்ந்திருந்த பக்கம் போயிற்று. அங்கே ஓர் இளைஞர், இரண்டு கைகளும் தலைமேல், வாய் திறந்தபடி நின்றார். சில மணி நேரத்தில் அந்த முகம் உலகமெங்கும் பரவியது. கேலிச் சித்திரங்களில் ஒட்டப்பட்டது. முழங்கைகள் இரு பக்கமும் படம் விரித்தாற்போல் நிற்கும் இந்தக் கோலத்துக்குச் ‘சரணடையும் நாகம்’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே வழங்குகிறது. அவர் செய்த குற்றம் தம் கலாசாலையை நேசித்தது ஒன்றுதான். டிக்கெட்டின் நிபந்தனைகளிலேயே முகத்தைக் காட்டச் சம்மதம் அடங்கியிருப்பது வழக்கம். சட்டம் அவ்வளவோடு திருப்தி அடைந்துவிடுகிறது. நான் இருபது வயதுப் பிள்ளைகளின் தோல்வி முகங்களைத் தேர்வு முடிவு வரும் நாளில் பார்த்தவன். அப்பொழுது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதே முறை என்று நினைக்கிறேன்.

இத்தனை காட்டும் டெலிவிஷன் ஒன்றை மட்டும் காட்டுவதில்லை. கணக்குப்படி ஆட்டம் 60 நிமிஷம். நடந்து முடிய மூன்று மணிக்கு மேல் ஆகிறது. இடைவெளியில் பெரும் பங்கு விளம்பரத்துக்கு. மைதான ஓரத்தில் டெலிவிஷன் கம்பெனியின் ஆள் ஒருவர் நிற்பார். அவர் சைகை காட்டும்வரை ஆட்டக்காரர்கள் கைகட்டி நிற்பார்கள். லட்சம் பேர் வெயிலிலும் பனியிலும் காத்திருப்பார்கள். வீட்டிலிருப்பவர் அந்நேரம் மோட்டார் வண்டி விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பார். காமிரா திரும்பி வரும்போது கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கும். இடைவிடாமல் ஆர்ப்பரித்தது போலவே தோன்றும். ஆட்டம் நண்பகலிலா இரவிலா என்பதைக்கூட டெலிவிஷன்காரர்கள் பல சமயம் பன்னிரண்டு நாள் முன்னதாக, சில சமயம் ஆறே நாள் முன்னதாகத்தான் சொல்கிறார்கள். முந்நூறு மைல் பிரயாணம் செய்து வருகிற குடும்பஸ்தரின் பொறுமை எந்தப் படத்திலும் விழுவதில்லை. அதைக் காட்டினால் காட்டுகிறவர்தான் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த ஜனங்கள் இல்லாமல் இவர்களுக்குப் பிழைப்பில்லை. 2020-இல் கொள்ளை நோயினால் மைதானங்கள் காலியாகக் கிடந்தபோது, அட்டையில் வெட்டிய உருவங்களை ஆசனங்களில் நிறுத்தி, பதிவு செய்த ஆரவாரத்தைச் சேர்த்து ஆட்டங்களைக் காட்டினார்கள். அட்டை மனிதர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

காமிரா கூட்டத்தின் பக்கமே திரும்பக் கூடாது என்பது என் கட்சியன்று. அயோவா சர்வகலாசாலையின் கின்னிக் மைதானத்தை அடுத்து உயர்ந்து நிற்கிறது குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று. அது 2017-இல் திறக்கப்பட்டது. மேல் மாடியிலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரியும். அந்த வருஷம் அபிமானிப் பெண்மணி ஒருவர் ஒரு யோசனை சொன்னார்; எந்தக் கம்பெனியும் சொல்லிக் கொடுத்ததன்று. ஆட்டத்தின் முதற் கால்பகுதி முடிந்ததும் கூட்டம் முழுவதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ஆஸ்பத்திரியை நோக்கித் திரும்புகிறது. ஏறக்குறைய எழுபதினாயிரம் பேர் கையை உயர்த்தி அசைக்கிறார்கள். ஆட்டக்காரர்களும் நடுவர்களும் அசைக்கிறார்கள். ஜயிக்க வந்த எதிர்க் கட்சியாரும் சேர்ந்துகொள்கிறார்கள். மேலே கண்ணாடிக்குப் பின்னால், நோயுற்ற குழந்தைகள் பெற்றோரின் இடுப்பிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி பதிலுக்குக் கையசைக்கிறார்கள்.