அருணாசலத்துக் குல்லாய்க்காரர்

ரமணாசிரமத்தின் பின்புறமாக ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கற்பாதையில், நடுவகிடெடுத்து வாரிவிட்டாற்போல் உச்சிமயிர் விசிறியாய்ப் படிந்திருக்க, யாத்ரீகர் கைப்பையையே கண்ணிமைக்காமல் நோக்கி அமர்ந்திருக்கும் குரங்கை, நேயர்களே, நீங்கள் அவசியம் கண்டிருப்பீர்கள். தென்னிந்தியாவுக்கே உரிய இந்த நாட்டுக்குரங்குக்கு 1812ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜெஃப்ராய் சூட்டிய சாஸ்திரப் பெயரில் வரும் ‘ரேடியேட்டா’ என்ற பதத்துக்குக் கதிர் விரித்தது என்று பொருள். அந்தத் தலைக்கு எத்தனை பொருத்தமான நாமம்!

ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளை இரு பெருங்கிளைகளாக வகுக்க விலங்கியலாருக்கு ஆதாரமாய் நின்றவற்றுள் கன்னமும் வயிறும் முக்கியமானவை: நாட்டுக்குரங்கும் ஆனைமலையின் சிங்கவால் குரங்கும் கிடைத்த தீனியைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு ஓடிப் பின்னர் ஆற அமர மெல்லும் வர்க்கம், நீலகிரிக் கருமந்தியோ, அப்பை இல்லாது, இலைகளைப் புளிக்கவைத்து ஜீரணிக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பையைப் பெற்றது.

ரமண மகரிஷி மலைமேல் வாசம்செய்த காலத்தில், கடியுண்டு கூட்டத்தாரால் கைவிடப்பட்டு அவருடைய பராமரிப்பில் பிழைத்த ‘நொண்டி’ என்ற குரங்குக்குட்டி, பிற்பாடு அக்கூட்டத்துக்கே அரசனானதாக ஆசிரம நூல்கள் கூறுகின்றன. அன்பர்களே, அழிவை நோக்கும் உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் இன்று இடம்பெற்றுவிட்ட நாட்டுக்குரங்குக்கு மலைப்பாதையில் தின்பண்டம் நீட்டாதீர்கள். தன் இரையைத் தேடிக்கொள்ள அதற்குத் தெரியும்.