கடலோரத்துக்கு வந்த உபாத்தியாயர்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் கடல் கிடையாது. அலை பார்க்க ஆசை உண்டானால் ஏரிக்கரைக்குத்தான் போகவேண்டும். ஆயினும் கடலோரத்துக் கதையொன்று இவ்வூர்வாசிகளின் மனத்தை வெகு சுலபமாகத் தொட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம். ஜில்லாக் கலெக்டர் கச்சேரி இங்கேதானே இருக்கிறது? மாற்றல் உத்தரவும் பெட்டி படுக்கையுமாக வந்திறங்கி, "இந்த ஊரில் நம்மை யாருக்குத் தெரியும்?" என்று திகைத்து நின்ற குடும்பங்கள் இங்கே எத்தனையோ!

அப்படித் திகைத்து நிற்கும் ஓர் உபாத்தியாயரைத் தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் காண்கிறோம். 1988-ல் புத்தகமாக வெளிவந்த நாவல் இது. ஆசிரியர் பிறந்த தேங்காப்பட்டணம், குழித்துறை ஆறு அரபிக்கடலில் கலக்கும் இடத்தில் உள்ள புராதனமான ஊர். 1956-ல் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டுடன் சேரும்வரையில் அது திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்தது. தமிழும் மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அவ்வூர்ப் பேச்சு, நாவலில் அப்படியே ஒலிக்கிறது.

கதையில் ஊரை ஆள்பவர் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. அவர் சொன்னதே சட்டம். அங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடம் வைப்பதற்காக வருகிறார் மெகபூப்கான். கல்வி என்றால் சந்தோஷமாக வரவேற்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? முதலாளிக்கோ உள்ளூர நடுக்கம். எழுத்தறிந்தவன் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்பவன் கைகட்டி நிற்கமாட்டான் அல்லவா? ஆகவே மார்க்கத்துக்கே ஆபத்து வந்துவிட்டதாகப் புரளி கிளம்புகிறது. வந்தவர் அதே மதத்தைச் சேர்ந்தவர்தாம். இருந்தும் என்ன? ஊருக்கு அவர் அந்நியர்!

வெளியூரிலிருந்து இன்னொருவரும் வருகிறார்: தங்ஙள் என்று பெயர் படைத்த பெரியவர். அவருக்கோ ராஜோபசாரம்! பயத்தை விற்க வந்தவருக்குப் பாய் விரிக்கிறார்கள். அறிவைக் கொடுக்க வந்தவரைத் தனியே விட்டுவிடுகிறார்கள். நாவலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

பிறந்த ஊரிலேயே அந்நியராகிவிடுவோரும் உண்டு. முதலாளிக்குத் தலைவணங்க மறுக்கும் சுறாப்பீலி வியாபாரி மகமூது அத்தகையவன். முதலாளியின் மகள் ஆயிஷாவின் கதியோ இன்னும் பரிதாபகரமானது. குடும்பப் பெருமை அவளுடைய வாழ்வையே பலி கொள்கிறது. பெரிய வீட்டுக்குள்ளேயும் தனிமை குடியிருக்கிறது என்பதை அந்தப் பெண்ணைக் கண்டு அறிகிறோம்.

தம் சமூகத்தின் குறைகளை வெளியே நின்று ஏளனம் செய்வது எளிது. உள்ளே இருந்துகொண்டு அன்புடன் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். அந்தத் துணிவு மீரானிடம் இருந்தது. பிற்பாடு 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-ல் அவருக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது.

நேயர்களே! உங்கள் தெருவுக்கு அண்மையில் யாராவது குடிவந்திருக்கிறார்களா? நாவலைப் படித்து முடித்ததும் அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். தேங்காப்பட்டணம் மெகபூப்கானுக்குச் செய்யத் தவறியதை நாமாவது செய்வோமே!