கடைத் திருட்டும் காவல் நிலையமும்

வேலூர் நகைக்கடை ஒன்றில் 2021 டிசம்பரில் சுவரைத் துளையிட்டு 15 கிலோவுக்கு மேல் தங்கம் களவு போயிற்று. சில நாட்களிலேயே ஆள் பிடிபட்டான். ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்த நகையும் கிடைத்தது. கடலூர் – சிதம்பரம் சாலையில், நம் செம்மங்குப்பம் மளிகைக் கடையில் கல்லாப் பணமும் சிகரெட் பண்டலும் போனால் தனிப்படையா வரும்? நகைக்கு எடையும் முத்திரையும் உண்டு. பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஏது அடையாளம்? சிறு திருட்டுகள் துப்பு துலங்காமல் கிடப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

"போனது போகட்டும்" என்று நம் வணிகர்கள் பலர் புகாரே கொடுப்பதில்லை. திருடனுக்கு அதைவிட வசதி வேறில்லை. அடுத்த வாரம் பக்கத்துக் கடை ஷட்டரை நெம்புவான். பூட்டு உடைந்திருந்தால் எதையும் தொடாதீர்கள், பெருக்காதீர்கள், கைரேகை அழிந்துவிடும். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். அது இலவசம். இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் அதுதான் வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், சட்டத்திலேயே இடமுண்டு.

கொள்முதல் பில் நகல்களை வீட்டில் வையுங்கள். மேசை இழுப்பறையோடு போய்விட்டால் சரக்கு இருந்ததற்கே சாட்சி இராது.