காளானுக்கு வரி போடும் வினிகர் கணக்கு!

கும்பகோணம் பகுதியில் வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளான், இரண்டொரு நாளில் வதங்கிவிடும். மிஞ்சுவதைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள், முதலில் பார்க்க வேண்டியது சுங்கக் குறியீட்டு எண். உலர்த்தினால் 0712. அப்படியே சாப்பிட முடியாதபடி உப்புநீரில் தற்காலிகமாகப் போட்டு வைத்தால் 0711. சாப்பிடும் பக்குவத்தில் டப்பாவில் அடைத்தால் 2003. வினிகரில் பதப்படுத்தினால் 2001.

எண்ணில் என்ன இருக்கிறது? 1999-ல் இந்தியாவின் பதப்படுத்திய மொட்டுக் காளானுக்கு, அமெரிக்கா பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. வினிகர் காளானுக்கு விலக்கு. ஆனால், அசெட்டிக் அமிலம் 0.5 சதவிகிதத்துக்குக் குறைந்தால் விலக்கில்லை என 2000-ல் முடிவானது. சிப்பிக் காளான் அந்த வரிக்குள் வராது.

அதனால், பில்லில் வெறுமனே ‘காளான்’ என எழுதாமல் ரகம், பதப்படுத்திய முறை, அமில அளவு மூன்றையும் குறிப்பிடுவது நல்லது.