மனு மெயிலில் போனது. சேர்ந்ததற்கு எது சாட்சி?

பாகூரிலோ வில்லியனூரிலோ கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நேரில் போய் மனு கொடுப்பவர் இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்வது வழக்கம். ஒன்றை அலுவலகம் வைத்துக்கொள்ளும். மற்றொன்றில் முத்திரை குத்தி, தேதி போட்டுத் திருப்பித் தரும். தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் தூர்ந்துபோயிற்று, வீட்டு வரியில் பெயர் பிழை என்று மனுவின் பொருள் எதுவானாலும், பின்னாளில் வழக்கு வந்தால் பேசப்போவது அந்த முத்திரைதான். அதே மனுவை மின்னஞ்சலில் அனுப்பியவருக்கு மிஞ்சுவது ‘சென்ட்’ பெட்டியில் கிடக்கும் நகல் மட்டும். அனுப்பியதற்கு அது சான்று, சேர்ந்ததற்கு இல்லை. புதுச்சேரியின் கிராமப்புறத்தில் இந்தக் குறை கூடுதலாக உறுத்தக் காரணம் உண்டு. இங்கே 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் கொம்யூன் நிர்வாகம் ஆணையர்கள் கைக்குப் போயிற்று. ‘என் மனு வந்ததா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், கடிதம் நேரே அலுவலகப் பெட்டிக்குப் போகிறது. அங்கே அதற்கு என்ன ஆயிற்று என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. சேர்ந்ததை நிரூபிக்கும் வேலையை அனுப்பியவர் தலையில் கட்டுவது முறையில்லை, பெற்றவர்தான் எண்ணும் தேதியும் போட்டுச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், கணினிக்குள் நடப்பது என்ன? ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வெளியிட்ட எஸ்எம்டிபி என்ற நெறிமுறையில்தான் இன்றைய மின்னஞ்சலும் ஓடுகிறது. அனுப்பும் சர்வர் பெறும் சர்வரைக் கூப்பிட்டு, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று சொல்லிக் கடிதத்தை ஒப்படைக்கிறது. பெறும் சர்வர் ‘250’ என்று பதில் சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிட்டது. பெட்டியில் சேர்ப்பது, முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்வது இரண்டும் இனி அதன் கடமை. அப்படியொரு பெட்டியே இல்லை என்றால் ‘550’ வரும். 4-இல் தொடங்கும் எண் வந்தால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள். அந்த நிலையில் அனுப்பும் சர்வர் உடனே கைவிடக் கூடாது, பொதுவாக 4, 5 நாளாவது முயல வேண்டும் என்கிறது நெறிமுறை. ஆகவே மறுநாள் காலையில் ‘மெயில் திரும்பி வரவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது’ என்று நிம்மதி கொள்வது அவசரம். திங்கட்கிழமை அனுப்பியது வெள்ளிக்கிழமைகூடத் திரும்பி வரலாம். திரும்பி வராமலே போனாலும், கடிதம் ஸ்பேம் பெட்டியில் விழுந்திருக்கலாம். சர்வரின் கணக்கில் ஸ்பேம் பெட்டியும் பெட்டிதான். அதற்காக யாருக்கும் தகவல் வராது. அந்த ‘250’ என்ற பதிலோ சர்வர்களின் பதிவுகளில் கிடக்கும், கைபேசியில் ஜிமெயில் பார்ப்பவர் கண்ணில் படாது.

படித்ததும் தகவல் சொல்லும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். 1998-இலேயே அதற்குத் தரவிதி எழுதப்பட்டது. ஆனால் அந்த விதியே பெறுபவரின் விருப்பத்துக்கு இடம்விடுகிறது: ‘அனுப்பியவர் ரசீது கேட்கிறார், தரலாமா?’ என்று திரையில் கேள்வி வரும், வேண்டாம் என்று அழுத்தினால் கதை முடிந்தது. கட்டணமில்லாத சாதாரண ஜிமெயில் கணக்கில் இந்த வசதியே கிடையாது. இன்னொரு தந்திரம், கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றைக் கடிதத்தில் ஒளித்து அனுப்புவது. கடிதத்தைத் திறந்ததும் படம் கேட்கப்படும், அதை வைத்துத் திறந்த நேரம் குறிக்கப்படும். 2013 டிசம்பர் முதல் ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே எடுத்துத் தருகிறது. 2021-இல் ஆப்பிள் ஒரு படி மேலே போய், பயனர் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இப்போது ‘திறந்தார்’ என்று வரும் அறிவிப்பு, யாருமே தொடாத கடிதத்துக்கும் வரலாம். ஓர் அலுவலகப் பொதுப்பெட்டியைப் பலர் திறக்கக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், திறந்தது உண்மையாகவே இருந்தாலும் அது யாருக்கும் பொறுப்பு ஏற்படுத்தாது. தவிர, ஒளித்துவைத்த படத்தால் உளவு பார்த்துத்தான் தன் மனுவின் கதியை ஒரு குடிமகன் அறிய வேண்டுமென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 13, பெறுபவர் படித்தாரா என்றே கேட்பதில்லை. ‘இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று அவர் குறித்துக் கொடுத்திருந்தால், அந்தக் கணினி அமைப்புக்குள் கடிதம் நுழைந்த நேரமே பெற்ற நேரம். அப்படிக் குறித்துக் கொடுத்திருக்கும்போது அவருடைய வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்தால்தான் பெற்றதாகும். அதிகாரியின் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது. ஒப்புகையைப் பற்றிப் பேசும் பிரிவு 12-இலும் ஒரு கண்ணி உண்டு. ‘ஒப்புகை வந்தால்தான் இக்கடிதம் செல்லும்’ என்று நிபந்தனை எழுதிவிட்டால், ஒப்புகை வராதபோது அந்தக் கடிதம் அனுப்பப்படவே இல்லை என்று சட்டம் கொள்ளும். கறாராக எழுதுவதாக நினைத்துத் தன் மனுவைத் தானே ரத்து செய்வதில் போய் முடியும். ஒப்புகையை வேண்டுகோளாகக் கேட்பதே பத்திரம்.

சட்டம் தெரிந்தவர் இங்கே குறுக்கிடுவார்: அரசு அலுவலகம் மின்வடிவில்தான் ஆவணத்தை ஏற்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது என்று அதே சட்டத்தின் பிரிவு 9 சொல்கிறதே, பிறகு ஒப்புகையை மட்டும் எப்படிக் கேட்பது? வலுவான மறுப்புதான். ஆனால் மெயிலை ஏற்கமாட்டோம் என்று சொல்லும் அலுவலகத்துக்கே அது முழுக்கப் பொருந்தும். அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் முகவரியை அச்சிட்டு மக்களை அனுப்பச் சொன்ன பிறகு, வந்ததா என்ற கேள்விக்கு மட்டும் மௌனம் காப்பதற்கு அந்தப் பிரிவு மறைவிடமாக முடியாது. சில இடங்களில் சட்டமே மின்வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6 விண்ணப்பத்தை மின்னணு முறையிலும் தரலாம் என்கிறது. பதிலுக்கான 30 நாள் கெடு ஓடத் தொடங்குவது, விண்ணப்பம் அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து. கெடு தாண்டினால் மறுத்ததாகக் கொண்டு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்த நாள் எது என்று தெரியாதவர் இந்த இரண்டு கெடுவையும் எங்கிருந்து எண்ணுவார்?

பெற்றவரே பதில் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் வெளியான பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களை அங்கிருந்த கல்விச்சாலைக்குக் கொடையாக்கிய ஆணையைச் சொல்கிறது. அது ஆணையோடு நிற்கவில்லை. வாகூர் நாட்டு நாட்டார் அந்தத் திருமுகத்தைக் கண்டு தொழுது, தலையில் வைத்து, எல்லையை நடந்து பார்த்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறையோலை ஒன்றை விடுத்தார்கள் என்றும், நில எல்லைகள் அதன்படியே என்றும் பதிவு செய்கிறது. அரசனின் ஆணையே ஆனாலும், அது சேர்ந்ததற்கும் செயலானதற்கும் சான்று பெற்றவர்களின் ஓலைதான். அன்று மேலிருந்து கீழே போன கடிதத்துக்குக் கிடைத்த மரியாதை, இன்று கீழிருந்து மேலே போகும் கடிதத்துக்குக் கிடைப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி வந்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அதை நோட்டீஸ் சேர்ந்ததற்குச் சான்றாக ஏற்றது உண்மை. ஆனால் குற்ற வழக்கில் காவல்துறை முன் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைவு பெரிதாக இருக்கும்போது திரையில் தெரியும் குறி போதாது என்பதே அதன் சாரம். நீலக் குறியை அமைப்புக்குள் போய் அணைத்துவைக்கலாம். அதிகாரி இடம் மாறினால் எண்ணும் அவரோடு போய்விடும்.

அலுவலகத் தரப்பின் குறையையும் கேட்க வேண்டும். ஆட்கள் குறைவு, ஒவ்வொரு மெயிலுக்கும் யார் பதில் எழுதுவது? பெற்றோம் என்று சொன்னால் கோரிக்கையை ஒப்புக்கொண்டோம் என்று வாதிடுவார்களே? முதல் கேள்விக்கான விடை மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் ஏற்கெனவே இருக்கிறது; புகாரைப் பதிந்தவுடன் பதிவெண் வந்துவிடுகிறது, அதற்கென யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. பொதுப்பெட்டியில் தானியங்கிப் பதிலை இயக்குவது ஒருமுறை செய்யும் வேலை. தானியங்கிப் பதிலும் ஒப்புகையாகும் என்று பிரிவு 12 சொல்கிறது. இரண்டாவது அச்சத்துக்கு ‘பெறப்பட்டது, கோரிக்கை பரிசீலனைக்கு உட்பட்டது’ என்ற ஒரு வரி போதும். பேரிடர்க் காலத்தில் இதன் அருமை புரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறப்பால் தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் விட்டுவிட்டு வேலை செய்யும் அத்தகைய நாள்களில், பயிர்ச் சேதத்தைச் சொல்லி அனுப்பிய கடிதம் போயிற்றா என்று ஐயமிருப்பவர் மூன்று முறை அனுப்புவார். எண் ஒன்று கிடைத்தால் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வார். அலுவலகத்துக்கும் வேலை குறையும்.

அந்த ஏற்பாடு வரும்வரை, அலுவலகம் தானே வெளியிட்ட முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். அதே கடிதத்தின் நகல் மேலதிகாரிக்கும் போகட்டும். தலைப்பு வரியில் ஊர், பொருள், தேதி இருக்கட்டும். ‘பெற்ற விவரத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று முடித்து, ஒரு வாரம் ஸ்பேம் பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் மனுவை அச்செடுத்து, மெயில் அனுப்பிய நாளையும் நேரத்தையும் மேலே குறித்து, தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி, சேர்ப்பித்ததற்கான ஒப்புகையும் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.